காத்திருந்து எடுக்கும் படம்

1665ஆம் ஆண்டு ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிவியலாளர் ‘மைக்ரோகிராஃபியா’ என்ற நூலை வெளியிட்டார். நுண்ணோக்கியின் வழியே தாம் கண்ட பொருள்களையும் சிற்றுயிர்களையும் படங்களாக வரைந்து அந்நூலில் சேர்த்திருந்தார். அவற்றுள் ஓர் எறும்பின் படமும் உண்டு.

அந்த எறும்பை வரைவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. அதன் கால்களை மெழுகாலோ பசையாலோ ஒட்டிவைத்தால், அது உடலை முறுக்கிக்கொண்டு நெளிந்தது. கொன்றுவிட்டாலோ, உடல் மிகச் சிறியது என்பதால் அதன் வடிவம் கெட்டுப்போனது. கடைசியில் ஹூக், மதுசாரத்தைக் கொண்டு ஓர் எறும்பை மயங்கச் செய்தார். அது அசையாமல் கிடந்த நேரத்தில் அதை உற்றுப் பார்த்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, உறக்கத்திலிருந்து விழித்ததைப் போல எறும்பு திடீரென எழுந்து ஓடிவிட்டது. ஹூக் தம் நூலிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்.

இன்று வரைகோலுக்குப் பதிலாகப் படக்கருவி வந்துவிட்டது. ஆனால், ஹூக்கை வாட்டிய சிக்கல் மட்டும் மாறவில்லை. பூச்சி உயிரோடு இருக்க வேண்டும். அதே சமயம் ஒரு நொடியாவது அசையாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பெறுவது எப்படி? பூச்சிகளை மிக அருகிலிருந்து படம் எடுக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கிறது.

ஒன்றுக்கு ஒன்று

சாதாரண வில்லை பொருத்திய படக்கருவியை ஓர் எறும்பின் அருகே கொண்டுசென்றால், ஒரு கட்டத்திற்கு மேல் படம் மங்கலாகிவிடும். அவ்வளவு அருகில் உள்ள பொருளைத் தெளிவாகக் காட்ட அந்த வில்லையால் இயலாது. இதற்கென்றே உருவாக்கப்பட்டது ‘மேக்ரோ லென்ஸ்’ எனப்படும் அண்மைப்பட வில்லை. இவ்வகை வில்லைகளில் பெரும்பாலானவை, பொருளை ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற அளவில் பதிவுசெய்ய வல்லவை. பொருளின் உண்மையான அளவும், படக்கருவிக்குள் உள்ள உணரியின்மீது விழும் பிம்பத்தின் அளவும் சமமாக இருக்கும் என்பதே இதன் பொருள். முழு அளவு உணரியின் அகலம் 36 மில்லிமீட்டர். ஆகவே, 36 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வெட்டுக்கிளி, படத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிரப்பிவிடும். அதே படத்தைப் பெரிய திரையில் காணும்போது, அதன் கால்களில் உள்ள முட்களையும் உணர்கொம்பின் கணுக்களையும் எண்ணிவிடலாம்.

எனினும், நெருங்க நெருங்க ஓர் இடையூறும் கூடவே வருகிறது. படத்தில் தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் மிகவும் குறைந்துவிடுகிறது. ‘ஒன்றுக்கு ஒன்று’ அளவில், வில்லையின் துளையை ‘எஃப் 11’ என்ற சிறிய அளவுக்குக் குறைத்தாலும், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழத்திற்குத்தான் படம் தெளிவாக இருக்கும். துளையை அகலத் திறந்தால் அதுவும் கிடைக்காது. தும்பியின் கண் தெளிவாக இருக்கும்போது அதன் இறக்கை நுனி மங்கிப்போவதற்கு இதுவே காரணம். படம் எடுப்பவர் மூச்சு விடும்போது உடல் சற்று அசைந்தால் போதும். தெளிவு கண்ணைவிட்டு வேறிடத்திற்கு நகர்ந்துவிடும். இலேசான காற்றில் இலை ஆடினாலும் நிலைமை அதுதான்.

துளையைச் சிறிதாக்கினால் உள்ளே செல்லும் வெளிச்சமும் குறையும். அதை ஈடுகட்ட ஃபிளாஷ் விளக்கு தேவைப்படுகிறது. குறைந்த ஆற்றலில் மின்னும் ஃபிளாஷ், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிப்பதில்லை. அதனால் சிறு அசைவுகள் படத்தில் பதிவதில்லை. ஆனால், ஃபிளாஷின் ஒளி நேரடியாக விழுந்தால், வண்டின் பளபளப்பான முதுகில் வெள்ளைத் திட்டுகள் தோன்றும். எனவே, விளக்கின் முன்னால் வெள்ளைத் தாளையோ மெல்லிய வெண்ணிறப் பிளாஸ்டிக்கையோ வைத்து ஒளியைப் பரவலாக்குவார்கள். அனுபவம் மிக்க கலைஞர்கள் பலரும் இதைக் கையாலேயே செய்துகொள்கிறார்கள்.

குறுக்குவழிகள்

ஒரே படத்தில் பூச்சி முழுவதும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், அதற்கும் ஒரு வழி உண்டு. தெளிவு விழும் இடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றிணைப்பார்கள். பிரிட்டனைச் சேர்ந்த லெவோன் பிஸ் என்னும் நிழற்படக் கலைஞர் இம்முறையில் பெயர் பெற்றவர். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் பூச்சி மாதிரிகளை அவர் படம் எடுத்தார். ஒவ்வொரு பூச்சிக்கும் 8,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்து ஒன்றாக இணைத்தார். 2016ஆம் ஆண்டு அவை அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. வண்டின் முதுகில் உள்ள மேடு பள்ளங்கள்கூட அப்படங்களில் மலைத்தொடர்போலத் தெரிந்தன.

அவை இறந்த பூச்சிகள். அவற்றைப் பார்ப்பவர்களுக்கும் அது தெரியும். ஆகவே, அதில் ஒளிவுமறைவு இல்லை. உயிருள்ள பூச்சி அத்தனை படங்களுக்குப் பொறுமையாக நிற்காது. இங்குதான் சிலர் குறுக்குவழியை நாடுகிறார்கள். பூச்சியைப் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்தால், அதன் உடல் குளிர்ந்து, அசைய முடியாத நிலையை அடையும். பிறகு அதை ஒரு பூவின்மேல் வைத்துப் படம் எடுக்கிறார்கள். இன்னும் சிலர் பசையால் ஒட்டவும் செய்கிறார்கள். பார்ப்பவரிடமோ, காட்டில் கண்ட காட்சி என்று சொல்கிறார்கள்.

இச்செயலில் இரண்டு தவறுகள் உள்ளன. முதலாவது, அந்த உயிருக்கு இழைக்கப்படும் துன்பம். அளவுக்கு மீறிக் குளிரூட்டப்பட்ட பூச்சி இறந்தும் போகலாம். இரண்டாவது, பார்ப்பவருக்குச் சொல்லப்படும் பொய். குளிரில் விறைத்த பூச்சியின் கால்கள் இயல்பாக நிற்பதில்லை. உணர்கொம்புகள் இயல்பாக நீண்டிருப்பதில்லை. அது ஒருபோதும் சென்று அமராத பூவில் அதை அமரவைத்தால், அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்வதும் தவறாகவே இருக்கும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் காட்டுயிர் நிழற்படப் போட்டி ஒன்றை நடத்துகிறது. படத்திற்காக விலங்குகளைத் துன்புறுத்துவதை அப்போட்டியின் விதிகள் தடைசெய்கின்றன. படத்தைப் பற்றி எழுதும் குறிப்பு உண்மையாக இருக்க வேண்டும் என்றும் அவை வலியுறுத்துகின்றன.

பூச்சியின் நேரம்

அப்படியென்றால், நேர்மையான வழி எது? பூச்சியை அசையாமல் செய்வதற்குப் பதிலாக, அது தானாகவே அசையாமல் இருக்கும் நேரத்தை அறிந்து அங்கே செல்வதுதான்.

பூச்சிகளின் உடல் வெப்பம் பெரும்பாலும் சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தே அமைகிறது. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், அவற்றின் தசைகள் விரைவாக இயங்குவதில்லை. இரவு முழுவதும் புல் நுனியில் தங்கியிருந்த தும்பி, இறக்கைகளில் பனித்துளிகளைச் சுமந்தபடி அப்படியே இருக்கும். காலை 7 மணிக்கு ஓர் அடி தூரத்தில் நின்று படம் எடுக்க இடம் கொடுக்கும் அதே தும்பி, 10 மணிக்கு நம் நிழலைக் கண்டாலே பறந்துவிடும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்பமண்டல நாடுகளில் இரவு நேரமும் உகந்ததே. பகலில் ஓயாமல் பறக்கும் பூச்சிகள் பல, இரவில் இலைகளின் அடியில் ஓய்வெடுக்கும். பகலில் மறைந்திருக்கும் குச்சிப்பூச்சிகளோ இரவில்தான் வெளியே வந்து இலைகளைத் தின்னும்.

பகலில் படம் எடுக்க விரும்புவோர் பூச்சியின் பழக்கத்தை அறிந்திருக்க வேண்டும். தும்பிகளில் பல இனங்கள், பறந்து சென்று இரையைப் பிடித்த பின் மீண்டும் அதே குச்சிக்கே திரும்பி வரும். அதைத் துரத்திச் செல்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். குச்சியின் அருகே குந்தியமர்ந்து காத்திருப்பவருக்குப் படம் கிடைக்கும்.

நெருங்கும் முறையும் முக்கியமானது. முதலில் சற்றுத் தொலைவிலிருந்தே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பூச்சி பறந்துபோனாலும் ஒரு சான்றாவது மிஞ்சும். பின்னர், தன் நிழல் பூச்சியின்மீது விழாதவாறு, மெதுவாக நகர வேண்டும். பூச்சி அசைந்தால் உடனே நின்றுவிட வேண்டும். அது மீண்டும் தன் வேலையைத் தொடங்கிய பிறகே அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும். தெளிவைச் சரிசெய்ய வில்லையின் வளையத்தைத் திருகிக்கொண்டிருப்பதைவிட, வளையத்தை ஓர் அளவில் நிறுத்திவிட்டு, உடலை முன்னும் பின்னும் மிக இலேசாகச் சாய்ப்பது எளிது. பூச்சியின் கண் கூர்மையாகத் தெரியும் அந்த நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். பத்துப் படங்களில் ஒன்று தேறினாலும் அது நல்ல பலன்தான்.

‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்பார்கள். இங்குப் பொறுத்தவருக்குக் கிடைப்பது ஒரு பூச்சியின் வாழ்க்கையில் சில நிமிடங்கள்.

எறும்பா, சிலந்தியா?

அந்தச் சில நிமிடங்களில் என்னவெல்லாம் தெரியும்? மலேசியரும் சிங்கப்பூரரும் நன்கு அறிந்த ‘கெரெங்கா’ எறும்பையே எடுத்துக்கொள்ளலாம். தமிழில் இதை முசுறு என்பர். செம்மஞ்சள் நிறத்தில், நீண்ட கால்களுடன் மரங்களில் வாழும் இந்த எறும்பு, கடித்தால் சுரீரென்று வலிக்கும். அதன் கூடு பச்சை இலைகளால் ஆனது. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளை இழுத்து அருகருகே கொண்டுவரும். வேறு சில எறும்புகள் தங்கள் கூட்டின் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு, இலைகளுக்கிடையே இங்குமங்கும் கொண்டுசெல்லும். புழுக்களிடமிருந்து வெளிவரும் பட்டு இழை, இலைகளைத் தைத்ததுபோல் ஒட்டிவிடும். தையல் ஊசியாகப் புழுவே பயன்படும் இந்தக் காட்சியை, மயங்கிய எறும்பையோ இறந்த எறும்பையோ வைத்துக் காட்டவே முடியாது.

இதே எறும்புகளின் அருகில் இன்னொரு வியப்பும் உண்டு. பார்ப்பதற்குக் கெரெங்காவைப் போலவே இருக்கும் ஓர் உயிர், இலையின்மேல் தனியாக நடந்துகொண்டிருக்கும். அதன் நிறமும் இடுப்பின் ஒடுக்கமும் எறும்புக்குரியவைபோலவே தோன்றும். முன்னங்கால்கள் இரண்டையும் உயர்த்தி, உணர்கொம்புகளைப்போல ஆட்டிக்கொண்டே செல்லும். அண்மைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். தூக்கியிருந்த இரண்டையும் சேர்த்தால் அதற்குக் கால்கள் எட்டு. தலையின் முன்புறத்தில் பெரிய கண்கள் வரிசையாக இருக்கும். அது பூச்சியே அன்று; குதிக்கும் சிலந்தி வகைகளில் ஒன்று. ஆண் சிலந்தியின் முன்தாடைகள் மிக நீண்டவை. அதனால், பெரிய எறும்பு ஒன்று சிறிய எறும்பைச் சுமந்து செல்வதுபோல் அது தோன்றும். கடிக்கும் எறும்பைப் பல பிராணிகள் ஒதுக்குகின்றன; எறும்பின் வேடமிட்ட சிலந்தியும் அவ்வாறே தப்பிக்கிறது. அதன் வேடம் உருவத்தில் மட்டும் இல்லை, நடையிலும் இருக்கிறது. ஆகவே, நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த படமே அதை முழுமையாக உணர்த்தும்.

சிலாங்கூரில் கண்ட பச்சைப் பூச்சி

உயிருள்ள பூச்சியைத் தெளிவாக எடுத்த ஒரு படம், அறிவியலுக்கே புதிய செய்தியைத் தந்த நிகழ்வும் உண்டு. அது நடந்தது மலேசியாவில்.

குவேக் ஹொக் பிங் என்னும் மலேசிய நிழற்படக் கலைஞர், கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள சிலாங்கூர் காட்டுப் பகுதியில் ஒரு நாள் நடந்துகொண்டிருந்தார். அப்போது மெல்லிய இறக்கைகளைக் கொண்ட ஒரு பச்சைப் பூச்சி அருகில் வந்து அமர்ந்தது. அவர் அதைச் சில படங்கள் எடுத்தார். பூச்சி பறந்து போய்விட்டது. படத்தை அவர் ‘ஃபிளிக்கர்’ என்னும் இணையத்தளத்தில் பதிவேற்றினார்.

2011ஆம் ஆண்டு மே மாதத்தில், ஷான் விண்டர்டன் என்னும் பூச்சியியல் வல்லுநர் அமெரிக்காவில் இருந்தபடி இணையத்தில் அந்தப் படத்தைக் கண்டார். அவர் கலிபோர்னியா மாநில வேளாண்துறையில் பணியாற்றியவர். படத்தில் இருந்தது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி வகையைச் சேர்ந்தது என்பது அவருக்கு உடனே தெரிந்தது. இவ்வகைப் பூச்சிகளின் இளம்புழுக்கள் செடிகளின் சாற்றை உறிஞ்சும் அசுவினிகளைத் தின்பதால், உழவர்களுக்கு நண்பர்களாகக் கருதப்படுகின்றன. ஆனால், இந்தப் பூச்சியின் இறக்கைகளின் அடிப்பகுதியில் கறுப்புக் கோடுகள் வலைபோலப் பின்னியிருந்தன. இடையே நீலப் புள்ளிகளும் மின்னின. அப்படியொரு பூச்சியை அவர் அதுவரை பார்த்ததில்லை. தம் துறை நண்பர்களிடம் படத்தைக் காட்டினார். அவர்களுக்கும் தெரியவில்லை.

விண்டர்டன், குவேக்குக்கு மின்னஞ்சல் அனுப்பி, பூச்சி கைவசம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, அதுதான் பறந்துவிட்டதே! படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஒரு புதிய இனத்தை முறையாக விவரிக்க வல்லுநர்கள் பூச்சியை நேரில் ஆராய வேண்டியிருந்தது. உடலின் நுண்ணிய உறுப்புகளைச் சோதிக்க வேண்டும். பிற்காலத்தில் வேறொருவர் சரிபார்க்க, மாதிரி ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கவும் வேண்டும். ஆகவே, அந்தக் கேள்வி விடையில்லாமல் நின்றது.

ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது. குவேக் மீண்டும் அதே இடத்திற்குச் சென்றபோது, அதே வகைப் பூச்சியைக் கண்டார். இம்முறை அதைப் பிடித்து ஒரு கொள்கலனில் வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று விண்டர்டனிடம் கேட்டார். பூச்சி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்டீவ் புரூக்ஸ் என்னும் வல்லுநருக்கு அனுப்பப்பட்டது. அது அறிவியல் இதுவரை பெயரிடாத இனம் என்பதை அவர் உறுதிசெய்தார். அருங்காட்சியகத்தின் சேகரிப்பைத் தேடியபோது, அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பூச்சியும் கிடைத்தது. பல ஆண்டுகளாக அது பெயரின்றி அங்கேயே இருந்திருக்கிறது!

மூவரும் மூன்று நாடுகளில் இருந்தபடியே, இணையவழி ஒரே ஆவணத்தில் கட்டுரையை எழுதினார்கள். 2012ஆம் ஆண்டு ‘ஸூகீஸ்’ என்னும் ஆய்விதழில் அது வெளியானது. நிழற்படக் கலைஞரான குவேக்கின் பெயரும் கட்டுரை ஆசிரியர்களுள் ஒன்றாக இடம்பெற்றது. பூச்சிக்கு ‘செமாக்ரைசா ஜேட்’ என்று பெயர் சூட்டினார்கள். ஜேட் என்பது ஒரு பச்சை நிறக் கல்லின் பெயராகவும் இருப்பதால், நிறத்தைக் கொண்டு வைத்த பெயர் என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அது விண்டர்டனின் மகளுடைய பெயர்.

இந்நிகழ்வில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதல் பூச்சி தொந்தரவின்றிப் பறந்து சென்றது. ஆனாலும், இறக்கையின் கோடுகளைக் காட்டும் அளவுக்குத் தெளிவாக எடுக்கப்பட்ட படம் தன் கடமையைச் செய்தது. இரண்டாவது பூச்சி தன் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு தேவை இருந்தது. அந்தத் தேவையைச் சொன்னவர் துறையறிந்த வல்லுநர். அழகான படம் வேண்டும் என்பதற்காக ஒரு பூச்சியை வாட்டுவதும், ஓர் இனத்தை உலகுக்கு அறிமுகப்படுத்த ஒன்றை எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை உணர்ந்திருப்பதே நல்ல கலைஞருக்கு அடையாளம்.

மாணவர்களும் தொடங்கலாம்

இக்கலையைத் தொடங்க விலையுயர்ந்த கருவிகள் கட்டாயம் இல்லை. கைப்பேசியின்மேல் பொருத்தக்கூடிய சிறிய அண்மைப்பட வில்லைகள் கிடைக்கின்றன. பள்ளித் தோட்டத்தின் செம்பருத்திச் செடியோ, வீட்டுக்கு வெளியே உள்ள பூந்தொட்டியோ போதுமான களம். ஓர் இலையின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் அசுவினிகளும், அவற்றை மேய்க்கும் எறும்புகளும், அவற்றைத் தின்ன வந்த பொறிவண்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடும்.

படம் எடுத்தவுடன் நாள், நேரம், இடம், பூச்சி அமர்ந்திருந்த செடி ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். குறிப்பு இல்லாத படம் அழகாக இருக்கலாம். ஆய்வுக்கு அவ்வளவாகப் பயன்படாது. ‘ஐநேச்சுரலிஸ்ட்’ போன்ற தளங்களில் குறிப்புடன் பதிவேற்றினால், பூச்சியின் பெயரைக் கண்டறிய உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆர்வலர்கள் உதவுவார்கள்.

சில கட்டுப்பாடுகளையும் மறத்தலாகாது. படம் நன்றாக அமைய வேண்டும் என்பதற்காகக் கிளையை ஒடிக்கவோ கூட்டைப் பிரிக்கவோ கூடாது. இலையை மெல்லத் திருப்பிப் பார்த்தால், மீண்டும் பழையபடியே விட்டுவிட வேண்டும். முட்டையிடும் பூச்சியையும், தோலுரித்துக்கொண்டிருக்கும் பூச்சியையும் தொடவே கூடாது. தோலுரிக்கும்போது அவற்றின் உடல் மிக மென்மையாக இருக்கும். சிங்கப்பூரின் இயற்கை வனப்பகுதிகளில் அனுமதியின்றிச் செடிகளைப் பறிப்பதும் உயிரினங்களைப் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். இரவில் செல்வதானால் பெரியவர்களின் துணையும் கைவிளக்கும் தேவை.

வேலை முடிந்து எழுந்திருக்கும்போது, பூச்சி என்ன செய்கிறது என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பது நல்லது. அது அதே இலையை முன்போலவே கொறித்துக்கொண்டிருந்தால், படம் எடுத்தவர் சரியாக நடந்துகொண்டார் என்று பொருள்.